உண்மை விளக்கம்: செரிமான மோதிரம் அணிந்தால் பசியே வராதா?

1987 முதல் ஆடப்பட்டுவரும் நெட்ஹேக் என்ற ரோக்லைக் (ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும் நிலவறைகளில் சுற்றுச் சுற்றாக ஆடும் வகை) கணினி விளையாட்டில், செரிமானத்தை மெதுவாக்கும் மந்திர மோதிரத்தை அணிந்துகொண்டால் அதன் பிறகு உணவே தேவையில்லை என்றொரு தகவல் ஆட்டக்காரர்களிடையே பரவி வருகிறது. இது தவறு.

ஆட்டம் தொடங்கும்போது நம் பாத்திரத்தின் ஊட்டச்சத்து 900 புள்ளிகள். சாதாரணமாக ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புள்ளி குறையும். மோதிரம் இந்த அடிப்படைக் குறைவை மட்டுமே நிறுத்துகிறது. ஆனால் அணிந்திருப்பதற்கான விலையாக, 20 சுற்றுக்கு ஒரு புள்ளியை அதுவே எடுத்துக்கொள்கிறது. வேறு செலவே இல்லாவிட்டாலும், 900 புள்ளிகள் 150-க்குக் கீழே இறங்கிப் 'பசி' என்ற நிலை தோன்ற ஏறத்தாழ 15,000 சுற்றுகள் ஆகும். நீண்ட காலம்தான், முடிவற்றதல்ல.

மேலும், வேறு செலவே இல்லாத ஆட்டம் அரிது. மறு கையில் காயங்களை ஆற்றும் மோதிரத்தை அணிந்தால், அதன் ஆற்றல் இரண்டு சுற்றுக்கு ஒரு புள்ளியை விழுங்குவதால், இரண்டு மோதிரங்களுக்குமாக 20 சுற்றில் 12 புள்ளிகள் கரைந்துவிடும். மந்திரம் ஓதுவதாலும் அதிகச் சுமை தூக்குவதாலும் ஏற்படும் பசியையும் செரிமான மோதிரம் தடுப்பதில்லை.

பலர் கவனிக்காத உண்மையான நன்மை வேறொன்று உண்டு: ஆட்டக்காரரை விழுங்கிச் செரிக்கும் அரக்கனான ஊதா நிறப் புழு விழுங்கினாலும், இம்மோதிரம் அணிந்தவரைச் செரிக்க முடியாமல் உடனே வெளியே துப்பிவிடும்.