நீரும் நிழலும் தேடி இறங்காதீர்கள்

குளிர்காலம் நெருங்கும்போதெல்லாம் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் உள்ள நண்பர்கள் சிலர் அந்நாட்டின் நடுவே கிடக்கும் சிம்சன் பாலைவனத்தைக் கடக்கத் திட்டமிடத் தொடங்குகிறார்கள். வண்டியைப் பற்றியும் மணலில் டயருக்கு எவ்வளவு காற்று வைப்பது என்பதைப் பற்றியும் அவர்களே படித்துத் தெரிந்துகொண்டு விடுகிறார்கள். இரவில் எங்கே கூடாரம் அடிப்பது என்பதை மட்டும் என்னிடம் கேட்கிறார்கள். கேட்கும்போது அவர்கள் அனுப்பும் படங்களில் தவறாமல் ஒரு நீர்நிலையும் அதன் கரையில் ஒரு பெரிய மரமும் இருக்கின்றன. ஆறில்லா ஊருக்கு அழகு பாழ் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வழியில் கட்டுச்சோற்றைப் பிரிப்பதற்குக்கூட வாய்க்காலோரத்து மரத்தடியைத்தான் நம் கண்கள் தேடும். ஆனால் அந்தப் பாலையில் மூன்று பயணங்களில் தங்கிய இரவுகளுக்குப் பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவது இதுதான்: பகலில் நீரையும் நிழலையும் தாராளமாக அனுபவியுங்கள், இருட்டுவதற்குள் இரண்டையும் விட்டு விலகிப் போய்ப் படுங்கள்.

முதலில் மரம். ஓடைக்கரைகளில் வானளாவி நிற்கும் ரிவர் ரெட் கம், நம் ஊர்த் தைல மரத்தின் நெருங்கிய உறவு. அதன் கிளைகள் காற்றே இல்லாத நேரத்திலும், பார்வைக்கு எந்தப் பழுதும் தெரியாத நிலையிலும், முன்னறிவிப்பின்றி முறிந்து விழக்கூடியவை. கூலிபா மரமும் அப்படித்தான். புளியமரத்தடியில் இரவில் படுக்காதே என்று என் பாட்டி சொன்னதைச் சிறு வயதில் வெறும் பேய்க்கதை என்று நினைத்திருந்தேன். பாலைவனத்தின் கிழக்கு விளிம்பில் உள்ள பேர்ட்ஸ்வில் ஊருக்கு அருகில் ஓர் ஓடைக்கரையில், மரத்துக்கு வெகு தூரம் தள்ளி நாங்கள் படுத்திருந்த இரவில், துப்பாக்கி வெடித்தாற்போல் ஒரு சத்தம் கேட்டு எல்லாரும் எழுந்து உட்கார்ந்தோம். விடிந்த பின் போய்ப் பார்த்தால், ஆளின் இடுப்பளவு பருமனுள்ள கிளை ஒன்று, முன்பு யாரோ தங்கி அடுப்பு மூட்டியிருந்த கற்களின் மேல் கிடந்தது. மரத்தின் உயரத்தைக் கண்ணால் அளந்து, அதைவிடக் கூடுதலான தூரத்தில் படுப்பது அன்றிலிருந்து என் வழக்கமாகிவிட்டது.

அடுத்தது ஓடை. வறண்ட ஓடையின் மணற்படுகை சமமாகவும் மென்மையாகவும் இருக்கும், காற்றும் அடிக்காது; படுக்க அதைவிடச் சுகமான இடம் இல்லை என்றே தோன்றும். ஆனால் அந்த நாட்டில் ஆறுகள் உள்நோக்கி ஓடுகின்றன. குவின்ஸ்லாந்தில் பெய்யும் மழை டயமன்டினா ஆற்றின் வழியாகப் பேர்ட்ஸ்வில்லைத் தாண்டி, கடல் மட்டத்துக்கும் தாழ்ந்து கிடக்கும் கட்டி தண்டா-ஐர் ஏரியை நோக்கி வருகிறது. ஜார்ஜினா ஆற்றின் நீர் ஐர் ஓடையாகப் பாலைவனத்தின் கிழக்கு விளிம்புக்குள் புகுகிறது. மழை பெய்த இடத்துக்கும் வெள்ளம் வந்து சேரும் இடத்துக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரமும், பல நாட்களோ வாரங்களோ கூட இருக்கலாம். 2025 மார்ச் இறுதியில் மேற்குக் குவின்ஸ்லாந்தில் கொட்டிய பெருமழையின் நீர், அதன் பின் மாதக்கணக்கில் தெற்கே நகர்ந்து அந்த ஏரியை நிறைத்ததை நாம் எல்லாரும் செய்திகளில் பார்த்தோம். ஆகவே, தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கிறது என்பதை நம்பி ஓடைக்குள் படுப்பது கூடாது.

ஓடையை விட்டுவிட்டாலும் களிமண் தரை ஒன்று மயக்கும். மணல்மேடுகளுக்கு நடுவே தட்டையாக, மெழுகிய களம்போல் கிடக்கும் அந்தத் தரையில் பத்துக் கூடாரங்கள் அடிக்கலாம். சிறு மழை போதும், அது பசையாக மாறிவிடும். வண்டியை வெளியே எடுக்க முடியாமல், தரை காயும்வரை நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

நண்பர்கள் அதிகம் யோசிக்காததும், நான் மிகவும் மனவருத்தத்தோடு சொல்ல விரும்புவதும் கால்நடைகளைப் பற்றியது. பாலைவனத்தின் விளிம்பு முழுவதும் பரந்த மேய்ச்சல் பண்ணைகள். அங்கே ஆழ்துளைக் கிணறும் அதை ஒட்டிய தொட்டியும்தான் சுற்றிலும் வெகு தூரத்துக்கு மாடுகளுக்கு உள்ள ஒரே தண்ணீர். பகலெல்லாம் மேய்ந்துவிட்டு இருட்டிய பின் அவை நீருக்கு வருகின்றன. தொட்டியருகே விளக்கும் பேச்சும் புகையுமாக நாம் உட்கார்ந்திருந்தால், அவை அருகே வராமல் இருட்டில் நின்றுகொண்டே இருக்கும். என் முதல் பயணத்தில், தெரியாமல், அப்படி ஒரு தொட்டிக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்தோம். நள்ளிரவில் கைவிளக்கைத் திருப்பியபோது நூறு அடிக்கு அப்பால் வரிசையாகக் கண்கள் மின்னின. அவை தாகத்தோடு நம்மைப் பார்த்து நிற்கின்றன என்று உடன் வந்தவர் சொன்னதும், அந்தக் குளிரிலேயே எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு வெகு தூரம் விலகிப் போனோம். இயற்கையான நீர்க்குழிக்கும் இதே நியாயம்தான். மாட்டுக்குப் பதில் கங்காருவும் பறவைகளும் காத்து நிற்கும், அவ்வளவே. ஒரு வாயில்லாச் சீவனைத் தண்ணீரிலிருந்து விலக்கி நிறுத்திவிட்டு நாம் அடையும் அழகிய காட்சி எனக்கு வேண்டாம்.

அப்படியானால் எங்கேதான் படுப்பது? சிம்சனில் விடை மணல்மேடுகளிலேயே இருக்கிறது. ஏறக்குறைய 1,100 மணல்மேடுகள் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஒன்றுக்கொன்று இணையாக நீள்கின்றன. மேற்கே தாழ்வாகவும் நெருக்கமாகவும் தொடங்கி, கிழக்கே போகப் போக உயர்ந்து விலகி, பேர்ட்ஸ்வில்லுக்கு அருகே பிக் ரெட் என்னும் மேட்டில் சுமார் 40 மீட்டர் உயரத்தை எட்டுகின்றன. மேட்டின் உச்சியில் படுத்தால் சூரியோதயம் கண்முன் விரியும் என்பது உண்மை. இரவு முழுவதும் காற்று கூடாரத்தைப் பிய்த்தெடுக்கும் என்பதும் உண்மை. நேர் அடிவாரப் பள்ளத்திலோ குளிர்ந்த காற்று இறங்கித் தேங்கும். சூலை மாதத்தில் விடியற்காலையில் குடத்துத் தண்ணீரின் மேல் மெல்லிய பனிக்கட்டி படிந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். பள்ளத்தின் நடுவிலிருந்து சற்றே மேலேறி, கிழக்கு வெயில் சீக்கிரம் வந்து விழும் சரிவின் கீழ்ப்பகுதியில், புதர் ஒன்று காற்றை மறைக்கும் இடமாகப் பார்த்துப் படுப்பதே எனக்குப் பிடித்தது.

தடத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்பதிலும் ஒரு நிதானம் வேண்டும். மணல்மேட்டில் ஏற வேகம் எடுத்து வரும் வண்டிகளுக்கு, உச்சியைத் தொடும்வரை மறுபுறத்தில் என்ன இருக்கிறது என்பதே தெரியாது. ஆகவே தடம் இறங்கும் இடத்தில் படுக்கை விரிப்பது உயிருக்கே ஆபத்து. அதற்காகத் தனிமையை நாடி, மேடுகளைத் தாண்டிப் புதுத்தடம் போட்டுக்கொண்டு உள்ளே போவதும் தவறு. சக்கரம் நசுக்கிய செடிகள் மீண்டும் தலையெடுக்க வெகு காலம் பிடிக்கும் என்பது ஒன்று. வண்டி பழுதானால் அடுத்து வருகிறவர் கண்ணில் நாம் பட வேண்டும் என்பது மற்றொன்று. 1963 டிசம்பரில் பேர்ட்ஸ்வில் தடத்தில் வழி தவறிய ஒரு குடும்பத்தின் ஐந்து பேரும் தாகத்தால் இறந்தார்கள்; அவர்கள் வண்டியை விட்டு நடந்து போயிருந்தார்கள். வண்டியையும் தடத்தையும் விட்டு விலகாதே என்று இன்றும் அங்கே எல்லாரும் சொல்வதற்குப் பின்னால் இப்படிப்பட்ட சாவுகள் இருக்கின்றன. கோடையின் கொடுமை கருதியே ஆண்டுதோறும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சிம்சன் பாலைவனத் தேசியப் பூங்காவை மூடிவைக்கிறார்கள்.

இடம் கிடைத்ததும் இறங்கி ஒருமுறை நடந்து பாருங்கள். எறும்புப் புற்று இருக்கிறதா, ஸ்பினிஃபெக்ஸ் புல் இருக்கிறதா என்று பாருங்கள். பிசின் நிறைந்த அந்தப் புல் வண்டியின் சூடான புகைபோக்கி பட்டால் பற்றிக்கொள்ளும். நம் ஊர் நெருஞ்சி முள் அங்கும் உண்டு. அது காற்று மெத்தையைப் பதம் பார்த்துவிடும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத் தூங்கினால் டிங்கோ என்னும் காட்டுநாய் கவ்விக்கொண்டு போய்விடும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். யாருமற்ற வெளி என்று நமக்குத் தோன்றும் இந்தப் பாலையில் வங்கங்குரு என்னும் பூர்வகுடி மக்கள் வாழ்ந்தார்கள். மிக்கிரி என்று அவர்கள் அழைத்த கிணறுகளை மணல்மேடுகளுக்கிடையே ஆழமாகத் தோண்டி, அவற்றைச் சார்ந்து குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். 1886இல் டேவிட் லின்ட்சே என்ற நில அளவையாளர் அக்கிணறுகள் பலவற்றைக் கண்டது, அவற்றை அறிந்த வங்கங்குரு மனிதர் ஒருவர் வழிகாட்டியதால்தான். 1936இல் டெட் கோல்சன் என்ற பண்ணைக்காரர் ஒட்டகங்களோடு பாலையைக் கடந்தபோதும் பீட்டர் ஐன்ஸ் என்ற பூர்வகுடி மனிதர் உடன் நடந்தார். களிமண் தரைகளின் ஓரத்தில் சில வேளைகளில் செதுக்கிய கற்சில்லுகள் சிதறிக் கிடக்கும். அது ஒருவர் உட்கார்ந்து கருவி செய்த இடம். அங்கே கூடாரத்தின் முளை அடிப்பது, யாருடைய வீட்டு முற்றத்திலோ கேட்காமல் பந்தல்கால் நடுவதைப் போன்றது. கல்லைத் தொடாமல், அடுத்த பள்ளத்துக்குப் போய்விடுங்கள்.

இத்தனையையும் கண்ணால் பார்க்கப் பகல் வெளிச்சம் வேண்டும். சூலையில் அங்கே ஆறு மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். இன்னும் இருபது மேடுதானே என்று ஓட்டிக்கொண்டே போய், இருட்டில் கிடைத்த இடத்தில் இறங்கியவர்கள்தான் காலையில் தொட்டிக்கருகிலோ மரத்தடியிலோ கண்விழிக்கிறார்கள். அதனால் இந்த முறை எங்களோடு வருகிறவர்கள், நான் வரைபடத்தில் எந்த இடத்தையும் குறித்துத் தரவில்லை என்று வருந்த வேண்டாம். மூன்றரை மணிக்கு முன்வண்டியிலிருந்து வானொலியில் சொல்லுவோம். அதிலிருந்து எல்லாரும் இரு பக்கமும் பார்த்துக்கொண்டு மெதுவாக வாருங்கள். நான்கரைக்குள் அடுப்பில் உலை வைத்துவிட வேண்டும். பூங்காவுக்குள் விறகு பொறுக்கக் கூடாது என்பதால் எரிவாயு அடுப்பைத் தவறாமல் எடுத்து வாருங்கள்.