ஒரு பேட்டரிக்காக 12 ஆண்டு வேலையை அழித்துவிட்டார்கள்

“இன்னொரு தடவை ஃபார்மட் அடிச்சுப் பாத்துடலாம்ணே.” இன்று காலை அந்தக் கடைக்காரர் தொலைபேசியில் என்னிடம் சொன்னது இதுதான். மூன்று நாள்களுக்கு முன்பு என் கணினியில் இருந்த அனைத்தையும் துடைத்துக் கொடுத்தவர், கோளாறு இன்னும் தீரவில்லை என்று நான் சொன்னதும், என்ன கோளாறு என்றுகூடக் கேட்காமல், மறுபடியும் துடைத்துப் பார்க்கலாம் என்கிறார். துடைப்பதற்கு இனி அதில் என்ன மிச்சம் இருக்கிறது?

2013இல் வாங்கிய மேசைக்கணினி அது. மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். இதை இன்னும் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்பவர்கள், கணினியில் பக்கம் வடிவமைக்கும் டிடிபி வேலை செய்து பார்த்ததில்லை. அந்த வேலைக்கு நாங்கள் நம்பியிருக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோட் முறை அதற்குத் தெரியாது. அதில் நாங்கள் பயன்படுத்தும் தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒரு கல்யாணப் பத்திரிகை முழுவதும் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத்தான் தெரியும். ஆகவே எழுத்துரு, விசைப்பலகை மென்பொருள், பேஜ்மேக்கர், வேலைக் கோப்புகள் ஆகிய நான்கும் ஒன்றாக இருக்கும் வரையில்தான் என் தொழில் நடக்கும். அந்த நான்கும் இருந்த ஒரே இடம் அந்தக் கணினி.

அது ஒரு காலை நீலத்திரையில் நின்றுவிட்டது. ‘இன்னாக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்று திரையில் இருந்ததைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். படத்தைக் காட்டினேன், அவர் அதைப் பார்க்கவே இல்லை. விண்டோஸ் கரப்ட் ஆகிவிட்டது, ஃபார்மட்தான் என்றார். டி டிரைவில் கை வைக்காதீர்கள், என் பிழைப்பே அதில்தான் இருக்கிறது என்று சொன்னேன். ரசீது எழுதும்போது இரண்டாவது முறையும் சொன்னேன். சி மட்டும்தான் அண்ணே போகும், டி அப்படியே இருக்கும் என்று அவர் வாயால் சொன்னார். நாட்டில் கணினி வைத்திருக்கும் எல்லோருக்கும் இதைத்தானே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்? முக்கியமானதை டியில் வை, டிக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லியே வளர்த்தார்கள். நானும் அதை நம்பித்தான் 12 ஆண்டு வேலையை அங்கே அடுக்கி வைத்திருந்தேன்.

மாலையில் போய் வாங்கி வந்து திறந்தால் டி டிரைவ் இருந்தது. அதற்குள் என் கோப்பு ஒன்றுகூட இல்லை. யாரோ ஒருவருடைய டிரைவர்களும் மென்பொருள்களும் அடங்கிய ஒரு கோப்புறைதான், 20 ஜிபிக்கு மேல், அதில் கிடந்தது. உடனே திரும்பிப் போனேன். வேலை செய்த பையன் சொன்ன பதிலை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன்: “அந்த டிஸ்க்ல போட முடியாதுன்னு வந்துச்சுண்ணே, அதான் எல்லா பார்ட்டிஷனையும் டெலிட் பண்ணிட்டுப் போட்டேன்.”

போட முடியாது என்று ஏன் வந்தது என்பதை அந்த இடத்தில் யாராவது ஒரு நிமிடம் யோசித்திருக்கக் கூடாதா? பழைய ஹார்ட் டிஸ்க்குகளில், சி, டி என்று பிரித்த பகுதிகளான பார்ட்டிஷன்கள் எங்கே இருக்கின்றன என்று குறித்து வைக்க, எம்பிஆர் என்னும் பழைய முறை அட்டவணை இருக்கும். விண்டோஸ் போடுவதற்கான பென் டிரைவை யூஈஎஃப்ஐ என்னும் புதிய தொடக்க முறையில் பூட் செய்தால், விண்டோஸ் நிறுவி (இன்ஸ்டாலர்) ஜிபிடி என்னும் புதிய முறை அட்டவணை உள்ள டிஸ்க்கைத்தான் ஏற்கும். எம்பிஆர் டிஸ்க்கில் போட முடியாது என்று மறுத்துவிடும். அதற்கு வழி மிக எளிது. கணினியை மறுபடி தொடங்கி, பூட் பட்டியலில் அதே பென் டிரைவின் யூஈஎஃப்ஐ என்று போடாத இன்னொரு வரியைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒரு வரி கீழே நகர்த்த வேண்டிய அம்புக்குறி விசையை அழுத்தாமல், நான்கு முறை டெலிட்டை அழுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் இதில் உள்ளவை அழிந்துபோகும் என்று நிறுவி எச்சரிக்கும். ஒவ்வொரு முறையும் ஓகே கொடுத்திருக்கிறார்கள். நான் இரண்டு முறை வாய்விட்டுச் சொன்னதையும், நிறுவி எச்சரித்ததையும் மீறிக் கொடுத்த ஓகே அது.

மறுநாள் காலை கணினியைப் போட்டதும், அமைப்புகள் மாறிவிட்டன, எஃப்1 அழுத்துக என்று கறுப்புத் திரை கேட்டது. உள்ளே போனால் தேதி 2012 ஜனவரி 1. எந்த இணையதளமும் திறக்கவில்லை. இன்றைய பாதுகாப்புச் சான்றிதழ்கள் எதுவும் 2012இல் செல்லுபடியாகாது அல்லவா? அப்போதுதான் எனக்கு உண்மை உறைத்தது. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, மதர்போர்டில் இருந்த வட்டமான சிஆர்2032 பேட்டரியை மீட்டரில் வைத்துப் பார்த்தேன். 3 வோல்ட் காட்ட வேண்டியது 1.9 காட்டியது.

சுவரில் சுவிட்ச் போட்டிருக்கும் வரை, கணினி அணைந்திருந்தாலும் கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் வழியாக வரும் சிறு மின்சாரம் கடிகாரத்தையும் அமைப்புகளையும் காப்பாற்றும். நம் வீடுகளில் இரவில் சுவிட்சை அணைத்துவிடுவோம். அப்போது பொறுப்பு முழுவதும் அந்தப் பேட்டரியின் மீது விழும். அது செத்துப்போனால், கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் பயாஸின் அமைப்பு ஆரம்ப நிலைக்குத் திரும்பும். என் பழைய போர்டின் ஆரம்ப நிலையில், ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் சாட்டா முறை, ஐடிஈ என்னும் பழைய வகை. கணினியை அசெம்பிள் செய்து கொடுத்தவரோ 2013இல் அதை ஏஎச்சிஐ என்னும் புதிய வகைக்கு மாற்றி, அதில்தான் எல்லாவற்றையும் நிறுவிக் கொடுத்தார். ஒரு முறையில் நிறுவிய விண்டோஸ் மறுமுறையில் தன் டிஸ்க்கையே கண்டுபிடிக்க முடியாமல் நீலத்திரையில் நிற்கும். நான் படம் எடுத்துக்கொண்டு போனது அந்தத் திரையைத்தான். ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு பேட்டரியை மாற்றி, பயாஸில் ஒரே ஒரு வரியைத் திருத்தியிருந்தால் என் கணினி, எழுத்துரு, கோப்பு என எல்லாம் இருந்தபடியே திறந்திருக்கும். விண்டோஸில் ஒரு கோளாறும் இருந்ததில்லை.

இதற்குத்தான் கோபம் அடங்கவில்லை. வேகம் குறைந்தால் ஃபார்மட், பிரிண்டர் வேலை செய்யாவிட்டால் ஃபார்மட், தேதி மாறினாலும் ஃபார்மட். வயிற்றுவலி என்று போனவனுக்கு நாடி பிடித்துப் பார்க்காமல் வயிற்றைக் கிழிக்கிற வைத்தியம் இது. போட்டுக் கொடுத்ததும் உரிமம் வாங்கிய விண்டோஸ் இல்லை. திருட்டு ஆக்டிவேட்டருக்காக வைரஸ் பாதுகாப்பை அணைத்து வைத்திருந்தார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, இதில் 11 ஏறாது, புதிய கணினி வாங்குங்கள் என்று அறிவுரை வேறு. 11 ஏறாது என்பது எனக்குத் தெரியும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். நான் 11 கேட்கவே இல்லையே!

பார்ட்டிஷனை அழித்த மாத்திரத்தில் கோப்புகள் போய்விடுவதில்லை. அந்த இடத்தில் வேறொன்றை எழுதாத வரை மீட்டுவிடலாம். அவர்களோ அந்த 20 ஜிபியை அதன் மேலேயே கொட்டியிருக்கிறார்கள். இரண்டு இரவு ஃபோட்டோரெக் என்னும் மீட்பு மென்பொருளை ஓட்டினேன். கோப்புகளுக்குப் பெயர் வரவில்லை. எஃப் என்ற எழுத்தும் நீண்ட எண்ணும்தான் வருகின்றன. திறந்தால் பாதி அறுந்து கிடக்கிறது. எழுத்துருக்களைத் தொழில் நண்பர் ஒருவரிடம் வாங்கிப் போட்டுவிட்டேன். பேட்டரியையும் மாற்றிவிட்டேன், கடிகாரம் சரியாக ஓடுகிறது.

இன்று மதியம் எங்கள் ஊர் அம்மன் கோயில் தர்மகர்த்தா வந்திருந்தார். பங்குனிப் பொங்கல் நோட்டீஸ், போன வருடத்து மேட்டரே இருக்கட்டும், தேதியை மட்டும் மாற்றிவிடு தம்பி, நாளைக்கு அச்சுக்குப் போக வேண்டும் என்றார். அதில் உபயதாரர்கள் 146 பேர். யார் பெயருக்குக் கீழே யார் பெயர் வரவேண்டும் என்பதை மூன்று வருடச் சண்டைக்குப் பிறகு முடிவு செய்து, நான்கு முறை திருத்திய வரிசை அது. அவரிடம் நடந்ததைச் சொல்ல நாக்கு எழவில்லை. சாயங்காலம் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருந்த பழைய நோட்டீஸைப் போய்ப் படம் எடுத்து வந்து, முதல் பெயரிலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது பத்தியின் அடிப்பகுதி மழையில் கிழிந்துபோயிருக்கிறது. பன்னிரண்டு பெயர்கள் இல்லை.