மை வைக்கிறவன் விரலில் மை இல்லை

2024 ஏப்ரல் 20, சனிக்கிழமை. தேர்தல் டூட்டி முடித்து விடியற்காலை மூன்றரை மணிக்கு வீடு வந்து சேர்ந்து, நாலு மணி நேரம் தூங்கிவிட்டுப் பால் வாங்கப் போனேன். கடை அண்ணாச்சி என் கையைப் பார்த்துவிட்டு, “என்ன சார், ஒரே ஆளா பத்து ஓட்டுப் போட்டுட்டு வந்திருக்கீங்க போல?” என்றார். வலது கைக் கட்டைவிரல், நடுவிரல், உள்ளங்கை ஓரம் எல்லாம் கருப்பு. பகல் முழுக்க மைக்குச்சியைப் பிடித்திருந்தால் அப்படித்தான் ஆகும். இடது கை ஆள்காட்டி விரல் மட்டும் வெள்ளையாக இருந்தது. அண்ணாச்சி அதைக் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் இடைநிலை ஆசிரியர். வாக்குச்சாவடியில் எனக்கு எப்போதும் பி.ஓ. 2, அதாவது இரண்டாம் வாக்குப்பதிவு அலுவலர் வேலை. 17ஏ என்கிற வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, விரலில் மை வைத்து, சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். உள்ளாட்சியை விட்டுவிட்டால் 2011-லிருந்து 2024 வரை ஆறு தேர்தல் பார்த்தாயிற்று. அதில் என் ஓட்டு எண்ணிக்கையில் சேர்ந்தது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடிவது இரண்டே இரண்டுதான். 2014, 2019. அந்த இரண்டு முறையும் டூட்டி போட்ட இடம் என் நாடாளுமன்றத் தொகுதிக்குள்ளேயே வந்ததால், இ.டி.சி. என்கிற பணிச் சான்றைக் காட்டி அதே சாவடியில் மெஷினில் ஓட்டுப் போட்டேன். எனக்கு நானே மை வைத்துக்கொண்டேன், அது ஒரு தனி சந்தோஷம்.

சட்டமன்றத் தேர்தல் என்றால் சொந்தத் தொகுதியில் டூட்டி கிடைக்காது. தபால் ஓட்டுதான். தபால் ஓட்டு வாங்கியவர்களுக்குத் தெரியும், அது ஓட்டு இல்லை, பரீட்சை. படிவம் 12-ல் பாகம் எண், வரிசை எண் எழுதி முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். வந்த சீட்டில் குறி போட்டு உள் கவரில் வைத்து ஒட்ட வேண்டும். 13ஏ என்கிற உறுதிமொழியில் நாம் கையெழுத்துப் போட்டு, ஒரு கெசட்டட் ஆபீசரிடம் சான்றொப்பம் வாங்கி, அதை உள் கவருக்கு வெளியே, ஆனால் வெளிக் கவருக்கு உள்ளே வைக்க வேண்டும். தவறிப்போய் உள் கவருக்குள் வைத்துவிட்டால், அந்தக் கவரைப் பிரிக்காமலேயே ஓரமாக வைத்துவிடுவார்கள். வாக்குச் சீட்டில் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. நம் ஆட்களுக்கு எந்தக் காகிதத்தைக் கண்டாலும் கீழே கையெழுத்துப் போட்டுத்தானே பழக்கம். எண்ணிக்கை நாளன்று காலை எட்டு மணிக்கு முதலில் பிரிப்பது இதைத்தான். டிவியில் முதலில் ஓடும் முன்னிலை நிலவரம் எங்கள் ஓட்டுதான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், எண்ணினால்.

சான்றொப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எங்கள் மாவட்டத்து ராதாபுரமே சாட்சி. 2016-ல் அங்கே அதிமுகவின் இன்பதுரை 49 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். தோற்றவர் திமுகவின் அப்பாவு. நிராகரிக்கப்பட்ட தபால் ஓட்டு மட்டும் 203. தலைமை ஆசிரியர்கள் சான்றொப்பம் போட்டிருந்தார்கள், அவர்கள் கெசட்டட் ஆபீசர் இல்லை என்பது காரணம். வழக்கு மூன்று வருஷம் ஓடி, அந்த ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றையும் மறுபடி எண்ணச் சொல்லி 2019 அக்டோபரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எண்ணியும் முடித்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021-ல் அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துவிட்டது.

யார் ஜெயித்திருக்க வேண்டும் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. என் மனசில் நிற்பது அந்த 203 கவர். அதை ஒட்டியவர்கள் யாரும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இல்லை. ஊருக்கே ஓட்டுப் போட வழி காட்ட அரசாங்கம் பொறுக்கி எடுத்து, மூன்று தடவை டிரெய்னிங் கொடுத்து அனுப்பிய ஆட்கள்.

ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும் என்று ஸ்டாஃப் ரூமிலேயே கேட்கிறார்கள். கர்நாடகத்தில் சாந்தேமரஹள்ளி தொகுதியில் 2004-ல் ஏ.ஆர். கிருஷ்ணமூர்த்தி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். அவருடைய டிரைவரே அன்றைக்கு வேலை மும்முரத்தில் ஓட்டுப் போடப் போகவில்லை என்று பேச்சு உண்டு. 2008-ல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் சி.பி. ஜோஷிக்கும் அதே ஒரு ஓட்டுக் கதைதான். நம் தியாகராய நகரில் 2021-ல் வித்தியாசம் 137. 2024-ல் தமிழ்நாட்டில் 68 ஆயிரத்துக்கு மேல் வாக்குச்சாவடி. சாவடிக்கு நாலு பேர் என்று வைத்தாலே நாங்கள் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். போலீஸ், டிரைவர், வீடியோ எடுப்பவர் எல்லாம் தனி.

சரி, ஒன்றும் மாறவில்லை என்று சொன்னால் அது பொய். 2023-ல் விதியைத் திருத்தினார்கள். இப்போது தபால் ஓட்டை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது, டிரெய்னிங் நடக்கும் இடத்தில் வசதி மையம் என்று ஒன்று வைத்து அங்கேயே போட வைக்கிறார்கள். சான்றொப்பம் போடவும் அங்கேயே ஆள் இருக்கிறார். இது நல்ல திருத்தம் என்றுதான் சொல்வேன். சீட்டை வாரக்கணக்கில் பீரோவில் வைத்திருந்தால் சங்கத்துக்காரர் வந்து கேட்பார், மச்சான் வந்து கேட்பார். அந்தத் தொல்லை ஒழிந்தது.

ஆனால் 2024-ல் எனக்கு நடந்தது இது. டூட்டி பக்கத்து நாடாளுமன்றத் தொகுதியில். அதனால் இ.டி.சி. கிடையாது. இரண்டாவது டிரெய்னிங்கில் வசதி மையத்து வரிசையில் ஒன்றேகால் மணி நேரம் நின்றேன். “உங்க தொகுதிச் சீட்டு இன்னும் வரல சார், அடுத்த டிரெய்னிங்ல போட்டுக்கலாம்.” அடுத்ததில் போனால் என் பெயரே பட்டியலில் இல்லை. படிவம் 12 கொடுத்தேனே என்றேன். “ரசீது இருக்கா?” என்றார்கள். இல்லை. பின்னால் நின்ற டீச்சர் கைக்குழந்தையோடு வந்திருந்தார், அவருக்கும் இதே பதில். அவர் சண்டை போடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

85 வயது தாண்டியவர் 12டி படிவம் கொடுத்தால் வீடு தேடிப் போய், வீடியோ எடுத்து, ஓட்டு வாங்கி வருகிறார்கள். மனசார வரவேற்கிறேன், அந்தக் குழுவிலும் எங்கள் ஆட்கள்தான் போகிறார்கள். வெளிமாநிலத்தில் இருக்கும் ராணுவ வீரருக்குச் சீட்டு கம்ப்யூட்டர் வழியாகப் போகிறது. அதே வழியில் பக்கத்துத் தொகுதி வசதி மையத்துக்கு என் சீட்டு வர ஏன் நாள் போதவில்லை? டூட்டி ஆர்டர் போடும் கம்ப்யூட்டருக்கு என் தொகுதி, பாகம், வரிசை எண் எல்லாம் தெரியும். அப்புறம் எதற்கு நான் தனியாக ஒரு படிவம் எழுதி நீட்ட வேண்டும்? ஆர்டரோடு சீட்டுக்கும் ஏற்பாடு செய்துவிட்டால் வேலை முடிந்தது.

இதைக் கட்சிகள் பேசாததற்குக் காரணம் ஊருக்கே தெரியும். அரசு ஊழியர் ஓட்டு எந்தப் பக்கம் சாயும் என்று ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தனக்கு வராது என்று நினைப்பவர் வாய் திறக்க மாட்டார். வரும் என்று நினைப்பவர் எண்ணிக்கை அன்றைக்கு மட்டும் கத்துவார்.

ஜனவரி 25 வாக்காளர் தினத்தன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உறுதிமொழி வாசிப்பதும் நான்தான். ஒவ்வொரு தேர்தலிலும் வாக்களிப்போம் என்கிற இடம் வரும்போது கொஞ்சம் வேகமாக வாசித்துவிடுகிறேன்.

முதல் முறை டூட்டிக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று. படிவம் 12-ஐ இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் தேதி போட்டு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. நான் வாங்கவில்லை.