தைத்துக் கொடுங்கள், இல்லையென்றால் கொடுக்காதீர்கள்

அந்த போட்டோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வடசென்னையில் எங்கள் மைதானத்தில் விளையாடுகிற பசங்க வரிசையாக நின்று, தானமாக வந்த பழைய ஷூவை ஆளுக்கொன்றாக நெஞ்சோடு பிடித்திருக்கிறார்களே, அதுதான். இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். நேற்று ராத்திரி ஒருவர் என்னை டேக் செய்து, "வாங்கிக்கொண்டு குறை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்" என்று எழுதிய பிறகு முடியவில்லை.

நான் சொல்வது ஒன்றுதான். பழைய ஷூவைக் கொடுப்பது தப்பே இல்லை. கழுவி, தைத்து, ஜோடி பார்த்து, சைஸ் பார்த்துக் கொடுத்தால் அது மறுபயன்பாடு. கிழிந்ததைக் கிழிந்தபடியே மூட்டை கட்டிக் கொண்டுவந்து இறக்கினால், உங்கள் வீட்டுக் குப்பை எங்கள் மைதானத்துக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வந்தது இரண்டு மூட்டை. கொட்டி எண்ணினோம், 41 ஷூ. அதில் 9-க்கு ஜோடியே இல்லை. மீதி 16 ஜோடியில் அப்படியே போடக்கூடியது 3. தையலோ பேஸ்டிங்கோ போட்டால் தேறும் என்பது 6. மற்ற 7 ஜோடி ஒன்றுக்கும் ஆகாது. ஒன்றுக்குள் சுருட்டிய சாக்ஸ் அப்படியே காய்ந்து கிடந்தது. கழட்டி நேராக மூட்டையில் போட்டிருக்கிறார்கள்.

தேறும் என்று நினைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் பக்கம் உட்கார்ந்து செருப்பு தைக்கிற அண்ணனிடம் போனேன். பளபளவென்று இருந்த ஒரு ஜோடியைத்தான் முதலில் நீட்டினேன். அவர் ஷூவின் மேல்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. உள்ளே கையை விட்டு, குதிகால் இடத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். பள்ளம் விழுந்தது, எழும்பவில்லை. "அடி செத்துப்போச்சுப்பா. தையல் போட்டா தையல் நிக்கும். ஓடுற புள்ளைக்கு ஆவாது" என்றார்.

அவர் சொன்னதுதான் உண்மை. ஓட்ட ஷூவின் நடு அடுக்கு பெரும்பாலும் ஈ.வி.ஏ. என்கிற நுரை. அதற்குள் இருக்கும் காற்றுக் குமிழ்கள்தான் அதிர்ச்சியைத் தாங்குகின்றன. ஓடி ஓடி அது நசுங்கிவிடும். 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுங்கள் என்று ஷூ கம்பெனிகளே சொல்கிறார்கள். உங்கள் முழங்காலுக்கு ஆகாது என்றுதானே கழட்டினீர்கள்? 13 வயதுப் பையன் முழங்காலுக்கு மட்டும் எப்படி ஆகும்?

"ஒன்றுமே இல்லாததற்கு இதாவது கிடைத்ததே" என்பார்கள். பழசு போடுவதில் எனக்கு வெட்கம் கிடையாது. நான் ஆடிய முதல் பூட்ஸே பழசு. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மூர் மார்க்கெட்டில் வாங்கி வந்தார். அன்று ராத்திரியே எனக்குக் கொடுத்துவிடவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்து, இரண்டு நாள் மொட்டை மாடியில் காயவைத்து, காசிமேட்டிலிருந்து வலை பின்னுகிற நைலான் நூல் வாங்கி வந்து, வாய் பிளந்த இடத்தைச் சுற்றித் தானே தைத்தார். விரலில் நூல் அறுத்த கோடு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மூன்று வருடம் ஆடினேன். அந்த ஷூ பழசு என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த இரண்டு நாள் வேலைதான் அவர் எனக்குக் கொடுத்தது. அதைத்தான் உங்களிடமும் கேட்கிறேன். கேட்கக் கூடாதா?

"நல்ல மனசோடு செய்ததைக் குத்தாதே" என்கிறார்கள். சரி, மனசு நல்லதாகவே இருக்கட்டும். ஷூ கிழிந்திருந்தது.

வெளிநாட்டில் பழைய ஷூவை மறுசுழற்சி செய்கிற கதையை இன்னொருவர் சொன்னார். எனக்கும் தெரியும். நைக்கி 1990களின் தொடக்கத்திலிருந்தே பழைய ஷூவை வாங்கி, அடி ரப்பர், நடு நுரை, மேல்துணி என்று பிரித்து அரைத்து, ஓடுதளத்துக்கும் கூடைப்பந்து மைதானத்துக்கும் பயன்படுத்துகிறது. நல்ல விஷயம். ஆனால் அங்கேயும் பிரிப்பதற்கு ஒரு வேலை இருக்கிறது. பசையால் ஒட்டிய பல பொருள் ஒன்றாக இருப்பதால்தான் ஷூவைப் பிரிப்பது இவ்வளவு கஷ்டம். அதனால்தான் 2019-ல் அடிடாஸ், பசையே இல்லாமல் ஒரே பொருளில் ஒரு ஷூ செய்து காட்டியது. எங்கள் தெருக் காயலான் கடைக்காரர் இரும்பு எடுப்பார், அட்டை எடுப்பார், பிளாஸ்டிக் எடுப்பார். ஷூவை நீட்டினால் தலையை ஆட்டிவிடுவார். வெளிநாடு வரைக்கும்கூடப் போக வேண்டாம். மும்பையில் கிரீன்சோல் என்று ஒரு நிறுவனத்தை இரண்டு ஓட்டக்காரர்கள் தொடங்கினார்கள். பழைய ஸ்போர்ட்ஸ் ஷூவைப் பிரித்துச் செருப்பாக்கி, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். கையில் கிடைப்பது புதுச் செருப்பு. அதைப் போட்டுக்கொண்டு ஒரு பிள்ளை தலைநிமிர்ந்து நடக்கும்.

இங்கே அந்த 7 ஜோடி எங்கே போகும்? தொட்டிக்குப் போகும், அங்கிருந்து கொடுங்கையூர் போகும். 300 ஏக்கருக்கும் மேல் கிடக்கிற குப்பை மேடு அது. ஊரெல்லாம் போட்ட குப்பைக்கு மூச்சுத் திணறுவது நாங்கள். அதை எரிக்க உலை வேண்டாம் என்று 2025-ல் கைகோத்து ரோட்டில் நின்றதும் நாங்கள். அனல்மின் நிலையச் சாம்பல் எண்ணூருக்கு, ஆலைப் புகை மணலிக்கு, குப்பை கொடுங்கையூருக்கு. எது வேண்டாமென்றாலும் வடக்கே தள்ளிவிடுவது இந்த ஊருக்குப் பழகிப்போய்விட்டது. இந்த முறை அதை எங்கள் பிள்ளைகள் கையில் கொடுத்து போட்டோ எடுத்திருக்கிறார்கள். அதுதான் தாங்கவில்லை.

"நீ என்ன செய்தாய்?" என்று கேட்டவருக்கு: 6 ஜோடியும் தைத்தாகிவிட்டது. காசு என்னுடையது.

போட்டோவில் முதல் வரிசையில் நிற்கிற பையன் இரண்டாம் நாளே என்னிடம் வந்தான். அடி பாதி கழன்று தொங்கியது, குதிகாலில் கொப்பளம். வலிக்கிறது என்று சொல்லவில்லை. "அண்ணா, இத தூக்கிப் போட்டா அவங்க கோச்சிப்பாங்களா?" என்று கேட்டான்.

அந்த 9 ஒற்றை ஷூவும் இந்த 7 ஜோடியும் கழுவி ஒரு பையில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு மேல் மைதானத்தில்தான் இருப்பேன். ஜோடி வீட்டில் இருந்தால் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.