ஒரு 'ரிட்டர்ன் 0'க்கு மூண்டு நாளோ?

வெள்ளிக்கிழமைக் கூத்து தெரியாதவைக்கு: தம்பி ஒருத்தர் எழுதின பட்ச்சை (கோட் மாத்தத்தை), அதில இருந்த 'ரிட்டர்ன் 0' எண்ட ஒரு வரிக்காக நான் அப்ரூவ் பண்ணாமல் மறிச்சன், அதுக்கு நான் எழுதின கொமென்ற் குறூப்பில சிரிப்பாப் போச்சு. ஆனா "ஒரு வரிக்கு மூண்டு நாள் மினக்கெடுத்திற மனுசன்" எண்டதுக்குக் கீழ சிரிச்சவைக்கு ஒண்டு சொல்லோணும்.

அந்த ஒரு வரி என்ன? டிஸ்க்கில இருந்து பிளாக் ஒண்டை வாசிக்கிறம். செக்சம் (டேட்டா பழுதாகேல்லையோ எண்டு பாக்கிற கணக்கு) பொருந்தேல்ல. தம்பி லொக்கில (நடந்ததைப் பதியிற பைலில) வார்னிங் ஒண்டு அடிச்சுப்போட்டு 'ரிட்டர்ன் 0', அதாவது 'பிழையில்லை', எண்டு விட்டிட்டார். பிழை, ஆனா ஒண்டுமில்லையாம். இதைக் கூப்பிட்ட கோட் லொக் வாசிக்குமோ? அது தன்ர பாட்டில அந்தக் குப்பையை நம்பி மேல எழுதும்.

நான் 0க்குப் பதிலாக் கேட்டது 117 எண்ட பிழை எண். லினக்ஸில 'ஸ்ட்ரக்சர் நீட்ஸ் கிளீனிங்' எண்டு வருமே, அது. 5 எண்டு இஐஓ (டிஸ்க்கில வாசிக்க, எழுத ஏலேல்ல எண்ட பிழை) குடுத்தாலும் சரிவராது. அதைப் பார்க்கிறவர் கேபிளைக் கழட்டிப் பூட்டுவார். டிஸ்க் ஒழுங்காத்தான் வாசிச்சது, வாசிச்சதுதான் பழுது.

"சேர்வர் நிண்டா கஸ்டமருக்கு என்ன சொல்லுறது?" நிக்கட்டும். 2018இல போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்காரர் பட்டது தெரியுமோ? எழுதினது பிழைச்சதெண்டு எஃப்சிங்க் (எழுதினதை டிஸ்க்கில ஏத்தச் சொல்லுற கட்டளை) ஒருக்காச் சொல்லும், திருப்பிக் கேட்டா 'சரி' எண்டும். கடைசியில பானிக் பண்ணி நிப்பாட்டுறதெண்டுதான் அவையளும் மாத்தினவை. "அப்ப எல்லாத்துக்கும் பானிக்கோ?" இல்லை ராசா, ரீட்-ஒன்லி (வாசிக்கலாம், எழுதேலாது) எண்டு ஒண்டு இருக்கு.

2022 மார்ச் கடைசியில இலங்கையில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினது ஞாபகமோ? எங்கட றோட்டில ஒரு ஸ்ரூடியோ. எக்ஸ்ட்4 பைல்சிஸ்டம் (டிஸ்க்கில பைலுகளை ஒழுங்குபடுத்தி வைக்கிறது), பிழை வந்தாலும் தொடர் எண்டு செற் பண்ணின மெஷின். எந்த இடம் காலி எண்டு காட்டுற பிட்மப் பழுதாப் போச்சு. லொக்கில ஒரேயொரு வரி, ஆரும் பாக்கேல்ல. ரெண்டு கிழமையா வந்த கலியாணப் படமெல்லாம் பழைய படங்களுக்கு மேல ஏறிச்சுது. அதுக்குள்ள, பெருப்பிக்கக் குடுத்த எங்கட அம்மம்மாவும். 95 யாழ்ப்பாண இடப்பெயர்வில பொலித்தீனில சுத்திக் காவின படம். ஒறிஜினலைக் கறையான் அரிச்சு, ஸ்கான் பண்ணினது மட்டும்தான் மிச்சம். திறந்தா மேல்பாதி அம்மம்மா, கீழ்பாதி சாம்பல்.

இதையும் "சென்டிமென்ட்" எண்டுவியள். எண்டுங்கோ.

கொமென்ற்றில நான் சூடாத்தான் எழுதினன், ஓம். அந்த முதல் வசனம் தேவையில்லாததுதான். ஆனா 'அண்ணை, ஏன்?' எண்டு கேட்க ஒரு நிமிசம் காணும். கேட்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் குறூப்பில போட்டு, "பழைய ஆக்களுக்கு எல்லாம் பயம்" எண்டு ஒருத்தர். அந்த ஒருத்தருக்கு பைல்சிஸ்டம் எண்டா என்னெண்டு பக்கத்தில இருந்து காட்டினதே நான்தான், அதை விடுவம்.

பட்ச் இன்னும் திறந்துதான் கிடக்கு. அப்ரூவ் பண்ணுற பட்டன் வேற நாலு பேரிட்டையும் இருக்கு, அவையளைக் கேளுங்கோ.