அரிசி அளவு நத்தை எல்லாம் ராட்சத நத்தையின் குஞ்சா?

"பூந்தொட்டியில் அரிசி மாதிரி குட்டி நத்தை தெரிந்தால் அது ஆப்பிரிக்க ராட்சத நத்தையின் குஞ்சு, தண்ணீரில் வந்து முட்டையிடும், உடனே உப்பைக் கொட்டுங்கள்" என்று ஒரு செய்தி மழைக்காலம் வந்தாலே வாட்ஸ்அப்பில் சுற்றும். தப்பு, அதுவும் ஒன்றல்ல.

ராட்சத நத்தை நிஜமான தொல்லைதான், 1847-ல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டுப் பரவியது. ஆனால் அதன் குஞ்சு பிறக்கும்போதே குண்டாக, உருண்டையாக இருக்கும். தொட்டியில் பெரும்பாலும் தெரிவது வேறு இனம்: ஊசி மாதிரி ஒல்லியான, வெளிர்மஞ்சள் ஓடு, முழுதாக வளர்ந்தாலே ஒரு சென்டிமீட்டர்தான்.

தண்ணீர்க் கதைக்கு வருவோம். இந்தத் தரை நத்தைகள் நுரையீரல் போன்ற ஓர் அறையால் காற்றைச் சுவாசிப்பவை, உடலின் வலப்பக்கத்தில் அதற்கென ஒரு துளை திறந்து மூடும், தண்ணீரில் மூழ்கினால் செத்துப்போகும். ஈரம் வேண்டும், அவ்வளவுதான்: சருகுக்கு அடியில், கல்லிடுக்கில், பாசியில், அப்புறம் ஓடு கட்டச் சுண்ணாம்புச்சத்து கிடைக்கும் பாறையடியில். சீனாவின் குவாங்ஷியில் சுண்ணாம்புப் பாறையடி மண்ணில் கிடைத்து 2015-ல் அறிவிக்கப்பட்ட ஓர் இனத்தின் ஓடு 0.86 மில்லிமீட்டர் உயரம்தான், ஊசிக் காதுக்குள்ளேயே அடங்கிவிடும்! குரோஷியாவில் ஒரு குகைக்குள் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் கண்ணாடி போன்ற ஓட்டோடு இன்னொரு குட்டி இனம் இருக்கிறது.

உப்பா? நத்தையோடு செடியும் போகும். நாற்றுகளைக் கடித்தால் கையுறை போட்டுப் பொறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மக்கிய இலையைத் தின்றுவிட்டுப் போகட்டும்.