அந்த மைக்கைப் பிடுங்கியிருக்க வேண்டாம்

கிறிஸ்தவ முகாமில் கேள்வி கேட்ட ஒரு தம்பியின் மைக்கைப் பிரசங்கியார் பிடுங்கிய அந்த வீடியோவைப் பற்றி எழுதக் கூடாது என்று மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இன்று காலை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே வந்து விழுந்திருக்கிறது. கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். அதில் இரண்டு, ஞாயிறு தவறாமல் என் பக்கத்தில் முழங்கால் போடுகிறவர்கள் போட்டது.

எந்த வீடியோ என்று கேட்பவர்கள் பாக்கியவான்கள். அப்படியே இருங்கள், தேட வேண்டாம்.

பார்த்தவர்களிடம்தான் பேசுகிறேன். அந்தத் தம்பி என்ன கேட்டான்? "ரெண்டு வருஷமா ஜெபம் பண்றேன், எனக்குள்ள ஒண்ணுமே நடக்கல. ஆனாலும் வந்துக்கிட்டே இருக்கேன். இது விசுவாசமா, வெறும் பழக்கமா?" இவ்வளவுதான். அதற்குப் பிரசங்கியார் மைக்கை வாங்கி (வாங்கி என்பது மரியாதைக்காக), "பாருங்க, சந்தேகப் பிசாசு முகாமுக்கே டிக்கெட் எடுத்து வந்திருக்கு" என்கிறார். கூட்டம் சிரிக்கிறது. 38 விநாடி. வீடியோ முடிந்தது.

ஒன்றை மட்டும் சொல்கிறேன், இந்தப் பதிவு முழுக்க அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். கேள்வி கேட்டவன் விசுவாசத்தை விட்டவன் இல்லை. விட்டவன் முகாமுக்கு ஏன் வருகிறான்? வீட்டில் தூங்குவான்.

இயேசுவுக்கே ஞானஸ்நானம் கொடுத்த யோவான்ஸ்நானனை எடுத்துக்கொள்ளுங்கள். யோர்தானில் நின்று "இதோ, தேவ ஆட்டுக்குட்டி" என்று ஊருக்கே கைகாட்டியவர். அவரே சிறைக்குள் போனதும் சீஷர் இரண்டு பேரை அனுப்பிக் கேட்கிறார்: "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா?" மத்தேயு 11. இதைவிட முகத்துக்கு நேரான சந்தேகம் உண்டா? இயேசு என்ன செய்தார்? குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், கண்டதைப் போய்ச் சொல்லுங்கள் என்றார். இடறாதே என்று ஒரு வரி எச்சரிக்கையும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் வந்தவர்கள் போன பிறகு, கூட்டத்தைப் பார்த்து, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவன் எழும்பினதில்லை என்கிறார். கேள்வி கேட்ட அதே நாளில்! நம் மேடைகளில் என்றால் யோவானுக்குப் பின்மாற்றக்காரன், அதாவது விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கியவன் என்று பட்டம் கொடுத்து, பிசாசு விரட்டும் விடுதலை ஜெபத்துக்கு வரிசையில் நிறுத்தியிருப்பார்கள்.

இன்னொன்று. உயிர்த்தெழுந்தவரை மலையில் கண்ணால் கண்ட பதினொரு பேரைப் பற்றி அதே மத்தேயு எழுதுவதைப் பாருங்கள்: "அவர்கள் அவரைக் கண்டு, பணிந்துகொண்டார்கள், சிலரோ சந்தேகப்பட்டார்கள்." அடுத்த வசனத்தில் சந்தேகப்பட்டவர்களை வெளியே போகச் சொன்னதாக இல்லை. சகல ஜாதிகளையும் சீஷராக்குங்கள் என்ற கட்டளை அவர்களுக்கும் சேர்த்துத்தான். எத்தனை மிஷனரி கூட்டங்களில் இந்தப் பகுதியைக் கேட்டிருக்கிறேன்! எல்லோரும் அடுத்த வசனத்தில்தான் ஆரம்பிப்பார்கள்.

"பொது இடத்தில் கேட்டது தப்பு, தனியாகப் போய்க் கேட்டிருக்கலாமே" என்கிறார்கள். ஓ, அப்படியா? வேலை கிடைத்த சாட்சி மைக்கில். விசா கிடைத்த சாட்சி மைக்கில். கட்டி கரைந்த சாட்சிக்கு மைக்கோடு கைதட்டலும். ஒன்றும் கிடைக்காமல் இரண்டு வருஷம் காத்து நின்றவன் சாட்சி மட்டும் காதோடு காதாக. நல்ல ஏற்பாடு. நடந்ததைச் சொல்வதுதானே சாட்சி? அவனுக்கு நடந்தது அதுதான். முகாமின் பெயரிலேயே "மனம் திறந்து" என்று போட்டுவிட்டு, திறந்தவன் வாயை மூடுவது என்ன நியாயம்?

"அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று இன்பாக்ஸில் இருவர். ஐயா, அவர் தொட்டது மைக்கை, நான் தொட்டது கீபோர்டை. விடுங்கள்.

யாக்கோபு 1:6 அனுப்பியவருக்குத்தான் உண்மையில் பதில் சொல்ல வேண்டும். "எவ்வளவாகிலும் சந்தேகப்படாமல் விசுவாசத்தோடே கேட்கக்கடவன்." இந்த வசனம் என்னையும் உறுத்தும். இதை எளிதாகத் தாண்டிவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சந்தேகத்தையே ஒரு பெருமையாக மாட்டிக்கொண்டு திரிகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு இது தேவைதான். ஆனால் அனுப்பியவர் ஒரு வசனம் முன்னால் போயிருக்கலாம். அங்கே தேவனுக்கு என்ன பெயர்? "யாவருக்கும் சம்பூரணமாய்க் கொடுக்கிறவரும் ஒருவரையும் கடிந்துகொள்ளாதவருமாகிய தேவன்." ஒருவரையும். அவரே கடிந்துகொள்ளாதபோது அவருடைய ஆட்கள் எதற்கு முந்திக்கொள்கிறார்கள்?

இதில் இன்னொரு கும்பலையும் சொல்ல வேண்டும். அதே வீடியோவை, "ஒருத்தன் முழிச்சுக்கிட்டான்" என்று தலைப்புப் போட்டுக் கடவுள் இல்லை என்பவர்கள் பகிர்கிறார்கள். அண்ணன்மார்களே, அவன் "ஆனாலும் வந்துக்கிட்டே இருக்கேன்" என்றது உங்கள் காதில் விழவில்லையா? முகாம்காரர்களுக்கு அவன் பிசாசு பிடித்தவன், உங்களுக்கு அவன் வெற்றிக் கோப்பை. அவன் கேட்டதற்கு மட்டும் இரண்டு பக்கத்திலும் பதில் இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று என் மனைவியே கேட்டாள். சொல்கிறேன்.

என் அண்ணன் இறந்த மூன்றாம் வாரம், சபை மூப்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஜெபித்தார். எழுந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "உங்க வீட்ல ஜெபம் குறைஞ்சிருச்சு தம்பி, அதான்" என்றார். அந்த "அதான்" இருக்கிறதே, ஒன்பது வருஷம் ஆகிறது, இன்னும் இறங்கவில்லை. வேதத்தில், எல்லாவற்றையும் இழந்த யோபுவைத் தேற்ற வந்த நண்பர்கள்கூட ஏழு நாள் இரவும் பகலும் வாயைத் திறக்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டுத்தான் பேசிக் கெட்டுப்போனார்கள். இவருக்கு ஏழு நிமிஷம் பொறுமை இல்லை.

அப்புறம் பதினொரு மாதம் நான் ஆராதனைக்குள் போகவில்லை. வீட்டாரை இறக்கிவிட்டு வெளியே வண்டியில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே பாடுவது கேட்கும். வண்டியை எடுத்துக்கொண்டு போகவும் மனம் வராது.

யாரும் என்னை வாதாடித் திருப்பவில்லை. சபையில் ஒரு பாட்டி இருந்தார். வியாழன்தோறும் மதியம் வருவார். ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. "கண்ணு சரியா தெரியல, சங்கீதம் வாசிச்சுக் காட்டுப்பா" என்பார். வேதத்தில் இருக்கிற அந்த ஜெபப் பாட்டுகளை, வயதானவருக்காகத்தானே என்று வாசித்தேன். வாரம் ஒன்று. பெரியதாக இருந்தாலும் ஒன்றுதான். 88ஆம் சங்கீதம் வந்தது. வாசிக்க வாசிக்கக் குரல் போய்விட்டது. மற்ற புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் எங்கேயாவது "ஆனாலும்" என்று திரும்பும். இது திரும்பாது. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று அப்படியே நின்றுவிடும்.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு பாட்டி."

"வெளிச்சமே வரலையே."

"வரல."

"சரி, அடுத்த வாரம் 89" என்று எழுந்து போய்விட்டார்.

வெகுநாள் கழித்து, திரும்ப உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். கண் தெரியாத அந்தப் பாட்டி பாட்டுப் புத்தகத்தில் பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் பாடிக்கொண்டிருந்தார்.

அந்த 88ஆம் சங்கீதத்தை யாரும் வேதத்திலிருந்து வெட்டி எறியவில்லை. வெளிச்சம் வராத ஜெபமும் ஜெபம்தான் என்று உள்ளேயே வைத்திருக்கிறார்கள். நாம்தான் 38 விநாடிக்கு வெட்டுகிறோம்.

அன்னை தெரசாவை இங்கே சொன்னால், "அவர் கத்தோலிக்கர், நம் ஆள் இல்லையே" என்று ஒருவர் வருவார், தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். அவர் 1997இல் இறந்தார். ஆன்ம வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் 2007இல் புத்தகமாக வந்தன. கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் உள்ளே இருட்டு, ஜெபத்தில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறார். அந்த ஐம்பது வருஷமும் சாகக் கிடந்தவர்களைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தார். 2016இல் புனிதர் பட்டம் கொடுத்தவர்கள் அந்தக் கடிதங்களைப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். நம் முகாமில் என்றால் அவருக்கும் மைக் போயிருக்கும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதற்குள் நின்று ஜெபிக்கிறார்கள் என்று யோசித்தோமா? போனைத் தள்ளினால் ஒரு யுத்தம், தள்ளினால் ஒரு நடனம், தள்ளினால் சந்தோஷத்துக்கு ஐந்து வழி, தள்ளினால் பூப்படத்தின் மேல் இன்றைய வாக்குத்தத்தம். எல்லோரும் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கும் எதுவும் வலிப்பதில்லை. இந்தச் சத்தத்துக்குள் ஒருவன் இரண்டு வருஷம், ஒரு லைக்கும் வராத இடத்தில், பதிலும் வராத இடத்தில், கதவைத் தட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். பழக்கமா, விசுவாசமா என்று அவனுக்கே சந்தேகம். எனக்கு இல்லை.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே விழுந்து "போதும் கர்த்தாவே" என்றபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தலைமாட்டில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்திரு, சாப்பிடு என்றான். மறுபடியும் தூங்கினார். மறுபடியும் எழுப்பிக் கொடுத்தான். ஒருமுறைகூட "உன் விசுவாசம் எங்கே" என்று கேட்கவில்லை. ஆனால் தூதனுக்கு ஃபாலோயர்கள் இல்லை, அது வேறு விஷயம்.

சரி. முகாமில் இருந்த ஒருவரிடம் நேற்று பேசினேன். மைக் போன பிறகு அந்தத் தம்பி கோபித்துக்கொண்டு வெளியே போகவில்லையாம். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். கடைசிப் பாட்டுக்கு எழுந்து நின்றிருக்கிறான். எல்லோரும் கிளம்பியதும் நாற்காலிகளை அடுக்க நின்ற நாலைந்து பேரில் அவனும் ஒருவன்.

வெட்டி ஒட்டிய புண்ணியவானே, மீதி உன் போனில் இருக்கும். அதையும் போடு.